திங்கட்கிழமைத் தாளில் நான் படிக்காத நாலு வரி

சிஸ்டர் எழுதும் தாள் கோடு போட்ட நீளத் தாளாக இருக்கும். தேதி போடமாட்டார். மேலே ‘இந்த வாரம்’ என்று எழுதி, அதன் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருப்பார். ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் கிளிப் வைத்த அட்டை ஒன்று தொங்குமே, அந்த மாதிரி அட்டையில் அதைச் செருகி, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் எல்லோரும் வந்து சேர்ந்து டீ குடித்து முடித்த பிறகுதான் அட்டை நிமிரும். அது நிமிரும்போது எனக்குப் பயம் வரும். எனக்கு எதற்குத்தான் பயமில்லை. கேஸை மூடினேனா, மாத்திரை டப்பாவைத் திறந்தே வைத்துவிட்டேனா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இருமினாளே, அது எனக்கு ஒட்டி என்னிடமிருந்து நான் பார்த்துக்கொள்கிற பெரியம்மாவுக்கு ஒட்டிவிடுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்து சேருகிறவள் நான். பிறவிக் குணம். எங்கள் அம்மா சொல்லுவாள், பால் பொங்காவிட்டாலும் பயப்படுவாய், பொங்கினாலும் பயப்படுவாய் என்று.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோயிருந்தது. பெங்களூர் நீலசந்திராவில் ஒற்றை அறை வீடு, வீட்டுக்காரருக்குப் பெயிண்ட் வேலை, இரண்டு பிள்ளைகள். படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு ஆபீஸில் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்லிப் போனேன். குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், மலஜலம் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் நல்ல மனநிலையில் இருந்தால் எங்களை நர்ஸ் என்பார்கள், கோபம் வந்தால் ஆயா என்பார்கள். ஆபீஸ் என்பது அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு வீட்டின் முன் அறை. அதை நடத்தியவர்தான் சிஸ்டர். தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டு பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, நரைத்த முடியை இறுக்கிப் போட்ட கொண்டை, இடது கையில் முள் பெரிதாக ஓடும் ஒரு ஆம்பளை வாட்ச். ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு அந்த வாட்ச்சைக் கழற்ற மனம் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே யாருடைய மணிக்கட்டையாவது பிடித்து நாடி எண்ண ஆரம்பித்துவிடுவார்.

அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒன்று, திங்கட்கிழமை காலை. எந்த வீட்டுக்கு ஆள் அனுப்பினாலும், வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் ஒருத்தர் நோயாளி பக்கத்தில் உட்கார வேண்டும், என் ஆள் மீட்டிங்குக்கு வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுவார். வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்காது. அப்படி என்னதான் கூடிப் பேசுகிறீர்கள் என்று மருமகள்கள் நோண்டிக் கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கதை சந்திக்கு வந்துவிடுமோ என்கிற பயம். அதற்கும் சிஸ்டர் வழி வைத்திருந்தார். தாளில் ஊர் பேர் எதுவும் இருக்காது. நான் வேலை பார்த்த வீடு ஏரிக்கரைக்குப் பக்கத்தில் என்பதால் அது ஏரி வீடு. தண்டவாளத்தை ஒட்டி இருந்தது ரயில் வீடு. மாமர வீடு, லிப்ட் வீடு, நாய் வீடு. போகப்போக எங்களுக்கே அதுதான் பெயராகிவிட்டது. “ஏரி வீடு, தள்ளி உக்காரு” என்றால் நான் நகர்ந்து உட்காருவேன்.

தாளில் அந்த வாரம் வீடுகளில் நடந்தது இருக்கும். சாப்பாடு புரையேறியது, புட்டத்தில் புண் தொடங்கியது, மருந்து மாறியது, கட்டிலில் இருந்து விழுந்தது. யார் வீட்டில் நடந்ததோ அவளே எழுந்து நின்று அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவள் வாயால் சொல்ல வேண்டும். எங்களில் பாதிப் பேருக்கு மேல் படிக்கத் தெரியாது. புதிதாக வந்த ஒருத்தி, ஏன் சிஸ்டர், நீங்களே படிச்சிட்டா என்ன, வெக்கமா இருக்குது என்றாள். சிஸ்டர் சொன்ன பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. “நான் சொன்னா அது ஆர்டர்மா. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவீங்க. நீ சொன்னா அது நடந்தது. மறக்காது.” உண்மைதான். நாய் வீட்டுக்காரி அழுதுகொண்டே படித்த புரையேறின கதையை நினைக்காமல் நான் இன்றுவரை யாருக்கும் ஒரு வாய் கஞ்சி ஊட்டியதில்லை.

தாள் முடிந்ததும் ஒவ்வொருத்தியாகத் தன் வீட்டில் என்ன விசேஷம் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒன்றுமில்லை சிஸ்டர், நல்லாருக்காங்க என்று முடித்துக்கொள்வார்கள். என் முறை வந்தால் பாயில் ஒரு முனகல் கிளம்பும். எனக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவள் ரயில் வீட்டு அக்கா. ஸ்ரீராம்புரத்துக்காரி. என்னைவிட எட்டு வயது மூத்தவள், பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, வாய் மட்டும் ஊரை வாங்கி விற்கும். “பஸ்ஸூ கெளம்பிடிச்சி. இனி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போய்த்தான் நிக்கும்” என்பாள். “ஏண்டி, அந்த அம்மா தும்மினாக்கூட எத்தினி தும்மல்னு எண்ணிகினு இருப்பியா. சும்னே பேஜாரு பண்ணாத.” நானும் சிரிப்பேன். ஆனால் சொல்லாமல் விட முடியாது. நகம் மஞ்சளாக இருக்கிறது, நேற்று இட்லி ஒன்றோடு நிறுத்திக்கொண்டார், ஜன்னல் பக்கம் காற்று ஜாஸ்தி, விடிகாலையில் மூச்சுச் சத்தம் வேறு மாதிரி கேட்டது. இருபது பேர் காத்திருப்பார்கள், பலருக்கு மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பியாக வேண்டும். ஒரு நாள் சிஸ்டர் பொறுமையாகவே சொன்னார். “ஏரி வீடு, இனிமே நீ வாரத்துக்கு ஒன்னு சொல்லு. உன்னை எது ரொம்ப உறுத்துதோ அது மட்டும். மத்ததை அடுத்த வாரத்துக்கு வை.” எல்லோரும் கைதட்டாத குறை. எனக்கும் அது ஒரு விதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. பயத்தை எடைபோட்டுப் பார்த்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ஏரி வீட்டில் நான் பார்த்துக்கொண்ட பெரியம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தங்கமான மனுஷி என்று எழுதினால் பொய்யாகிவிடும். சிடுசிடுப்பு உண்டு, காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் கூடினால் டம்ளரைத் தள்ளிவிடுவார். ஆனாலும் பிற்பகலில் ரேடியோ கேட்கும்போது என்னைக் கட்டிலிலேயே உட்காரச் சொல்லுவார். அவர் மகன் ஆபீஸ் போய்விடுவார், மருமகள் டீச்சர். பகல் முழுக்க நானும் அவரும்தான்.

அந்த வாரம் என்னிடம் மூன்று பயம் இருந்தது. நாலு நாளாக அவருக்கு வெளியே போகவில்லை. மதியத்தில் செத்துப்போன புருஷனோடு பேசுகிற மாதிரி முணுமுணுத்தார். மூன்றாவது, சனிக்கிழமை துடைத்துவிடும்போது பார்த்தேன், வலது கெண்டைக்கால் இடதைவிடக் கொஞ்சம் தடித்து, தொட்டால் சூடாக இருந்தது. ஆபரேஷன் ஆன பக்கம்தானே, வீக்கம் இருக்கத்தானே செய்யும் என்று தோன்றியது. திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கால் விஷயத்தைச் சொன்னால் ரயில் வீட்டு அக்கா, கெண்டக்காலுக்கு இஞ்சி டேப்பு வச்சி அளந்தியாடி என்று கேட்பாள். வயிற்று விஷயம் சந்தேகமில்லாத விஷயம், யாரும் சிரிக்க முடியாது. அதைச் சொன்னேன். சிஸ்டர் அன்று மதியமே வந்து எனிமா கொடுத்துச் சரிசெய்தார். போகும்போது என் முதுகில் தட்டி, சரியான விஷயத்தைச் சொன்னே என்றார்.

செவ்வாய்க்கிழமை பெரியம்மா கால் வலிக்கிறது என்றார். எண்ணெய் போட்டு நீவி விடுடி என்றார். எங்கள் வீடுகளில் கால் வலித்தால் வேறு என்ன செய்வோம். நல்லெண்ணெயைக் கரண்டியில் சூடு பண்ணி, கணுக்காலில் இருந்து முழங்கால் வரைக்கும் கீழிருந்து மேலாக, நன்றாக அழுத்தி, அரை மணி நேரம் நீவினேன். அப்படித்தான், அங்கதான் என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் காலைப் பற்றி எனக்குள் இருந்த பயம்கூட அப்போது சற்று இறங்கியது. சும்மா இருக்காமல் ஏதோ செய்துவிட்டேனே என்று.

புதன்கிழமை காலை துடைத்துவிட்டு, தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். இரண்டு தடவை இருமினார். என்னமோ பண்ணுது என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலமானது. நான் ஓடிப்போய் சிஸ்டருக்குப் போன் செய்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் திரும்பி வருவதற்குள் அவர் முகம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். காலில் கட்டிய ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம் என்றார். கால் வீங்கியிருந்ததா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன்.

சிஸ்டரும் நானும்தான் உடம்பைத் துடைத்தோம். சிஸ்டர் வலது காலைத் துடைத்த துணியை ஒரு தடவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு வெந்நீரில் முக்கிப் பிழிந்து மறுபடியும் துடைத்தார். வீட்டு ஆட்கள் இருக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே வந்த பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“எண்ணெய் போட்டியா?”

“போட்டேன் சிஸ்டர்.”

“நீவினியா?”

“அவங்கதான் கேட்டாங்க.”

“கேப்பாங்க” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கத்தான் என்று நினைத்தேன். சனிக்கிழமையே கால் வீங்கியிருந்ததையும் சொன்னேன். ஆட்டோ வரும்வரை கையை விடவேயில்லை.

அடுத்த திங்கட்கிழமை அட்டை நிமிர்ந்தது. “ஏரி வீடு, படி” என்று என்னிடம் நீட்டினார். எழுந்து நின்று, சிஸ்டர் எழுதியிருந்ததை அப்படியே படித்தேன். ஏரி வீட்டில் பெரியம்மா புதன்கிழமை தவறினார். அவருடைய கால் வீங்கியிருந்ததை வேலை பார்ப்பவர் சனிக்கிழமையே பார்த்தார், திங்கட்கிழமை சொல்லவில்லை. வாரத்துக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் அவருக்கு வைத்த கட்டுப்பாடுதான் காரணம். தப்பு என்னுடையது. இனி யாரும் எத்தனை வேண்டுமானாலும் சொல்லலாம். இதுவரைக்கும் சத்தமாகவே படித்தேன். அதற்குக் கீழே நாலு வரி இருந்தது. கால் வலி என்று கேட்டதால் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியோ வலித்தோ இருந்தால் நீவவே கூடாது. உள்ளே கட்டிய ரத்தம் நகர்ந்து நெஞ்சுக்குப் போகும். திங்கட்கிழமைவரை காத்திருக்காமல் அன்றே எனக்குப் போன் செய்ய வேண்டும். அந்த நாலு வரியைக் கண்ணால் பார்த்தேன். வாய் அதைத் தாண்டியது. அடுத்து இருந்த, மாமர வீட்டுக்காரி படிக்க வேண்டிய படுக்கைப் புண் விஷயத்தை இரண்டு வார்த்தை படித்துவிட்டு அட்டையை அவளிடம் கொடுத்தேன். சிஸ்டருடைய தப்பை ஊருக்குப் படித்தேன். என்னுடையதை விழுங்கினேன். மாமர வீட்டுக்காரி தன்னுடையதை மட்டும் திக்கித் திக்கிப் படித்து அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். சிஸ்டர் அதை வாங்கி மடியில் கவிழ்த்தார். ரயில் வீட்டு அக்கா என் தொடையில் கைவைத்து, “உடு, வயசான கட்ட. உன் மேல இன்னா தப்பு” என்று காதில் சொன்னாள்.

எல்லோரும் போன பிறகு சிஸ்டர் என்னை நிறுத்தினார். திட்டவில்லை. போலீஸ் வரும், அந்த மகன் வருவார், இருபது வாயில் விழுந்தது அங்கே போய்ச் சேரும் என்று பயந்தேன் சிஸ்டர் என்று நானே அழுதுகொண்டு சொன்னேன். “அவர்கிட்ட நான் அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டேன்” என்றார். “அம்மாவுக்கு எண்ணெய்னா உசிருன்னு சொன்னார். தெரிய வேண்டிய இடத்துக்குத் தெரியும். தெரியாம இருக்கறது இந்தப் பாய்ல உக்காந்திருந்தவங்களுக்குத்தான்.” அப்புறம் சொன்னார், “அடுத்த திங்கக்கிழமை நீயே படி. உன் வாயால வரணும். ஒரு வாரம் இருக்கு, மனசைத் தயார் பண்ணிக்கோ.”

போலீஸ் பயம் போய்விட்டது. அதற்கு அடியில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் நான் கவலைக்காரி. நகத்தின் நிறத்தைக்கூடப் பார்க்கிறவள். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவளுடைய கையாலேயே போய்விட்டது என்று அவர்கள் முன்னால் நின்று எப்படிச் சொல்லுவேன். அந்த வாரம் எனக்கு வீடு எதுவும் கொடுக்கவில்லை. நீலசந்திராவில் அறைக்குள்ளேயே கிடந்தேன். சோறு வடிக்கும்போதும் துணி அலசும்போதும் அந்த நாலு வரியைச் சொல்லிப் பார்ப்பேன். பிள்ளைகள் இல்லாதபோது எழுந்து நின்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். சுவரிடம் நன்றாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை கிளம்பிப் போனேன். சந்து முனைவரை போய்விட்டேன். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். ரயில் வீட்டு அக்காவின் ரப்பர் செருப்பு, ஒரு வார் ஊக்கு குத்தியது, ஓரமாகக் கிடந்தது. திரும்பி மார்க்கெட் பக்கம் வந்து, மளிகைக் கடை ஒரு ரூபாய் போனில் ஆபீஸுக்குப் போட்டேன். காய்ச்சல் சிஸ்டர், எழுந்திருக்க முடியல என்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கீரைக்காரி தண்டுகீரை, மெந்தியம் என்று கூவிக்கொண்டு போனாள். அவள் சந்துக்குள் திரும்பினாள். அதே குரல் போனுக்குள்ளேயும் கேட்டது, சிஸ்டருடைய ஜன்னலுக்கு வெளியிலிருந்து. அது சிஸ்டருக்கும் கேட்டிருக்கும். “சரி” என்றார். “அடுத்த வாரம் வா. உடம்பைப் பாத்துக்கோ.”

அன்று அவர் அந்த நாலு வரியைத் தானே படித்திருக்கலாம். படிக்கவில்லை. என் வாயால் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற பெண் என் வீடு தேடி வந்தாள். ரயில் வீட்டில் தாத்தா போய்விட்டார். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகக் கிடந்தவர். சிஸ்டர் சொல்லச் சொன்னாங்க, திங்கக்கிழமை நீ படிக்க வேணாமாம், வந்து உக்காந்தா போதுமாம் என்றாள்.

அந்தத் திங்கட்கிழமை டீயை யாரும் சரியாகக் குடிக்கவில்லை. சிஸ்டர் மடியில் அட்டை இல்லை. ரயில் வீட்டு அக்கா தானாகவே எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றாள். அழவில்லை. “நான் சொல்றேன். புதங்கெளம தாத்தா இந்தக் கால் நோவுதுன்னு காட்டினாரு. பேச்சு வராது, கைய வச்சிக் காட்டுவாரு. லேசா வீங்கிகினு இருந்திச்சி. ஏரி வீட்டு அம்மாவுக்கு வீங்கினத சொல்லாம உட்டாங்களே, நாம உடக்கூடாது, திங்கக்கெளம மொத ஆளா சொல்லணும்னு மனசுல வச்சிகினேன். அதுக்குள்ள நோவுதேன்னு வெளக்கெண்ண காச்சி நீவுனேன். ரெண்டு நாளு நீவுனேன். நல்லா நீவுனேன். வெள்ளிக்கெளம காலைல உக்கார வச்சேன், போய்ட்டாரு.” நிறுத்தி, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். “வீங்கினா சொல்லுன்னாங்க. நீவக்கூடாதுன்னு யாருமே சொல்லல.”

நான் அவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய சேலை விளிம்பு என் முழங்காலில் உரசிக்கொண்டிருந்தது. எழுந்து நிற்க வேண்டிய இடம் அதுதான். சுவரிடம் அவ்வளவு நன்றாக வந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. சிஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இருபது பேரும் நாலு தடவை மூச்சு விட்டிருப்பார்கள். நான் பாயின் கோரையை உரித்துக்கொண்டிருந்தேன். “சொல்லியிருக்கணும்” என்றார் சிஸ்டர் கடைசியில், அக்காவிடம். “எனக்குத் தெரிஞ்சிருந்தது. நான் சொல்லல. உன் தப்பு இல்ல.” அக்கா உட்கார்ந்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு, நானும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் வாசலுக்கு வந்தார். “உனக்கு ஒரு வாரம் குடுத்தேனே, அது குடுக்கறதுக்கு என்னுது இல்ல. அந்தத் தாத்தாவோடது.” என்னைக் குற்றம் சொன்ன மாதிரியே இல்லை. தனக்குத்தானே நாடி பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு எழுந்து நின்று படிக்கிற வழக்கம் நின்றது. சிஸ்டரே படித்தார். நீவக்கூடாது, போன் செய்ய வேண்டும், இப்படித் திருப்ப வேண்டும், அப்படி ஊட்ட வேண்டும். எல்லாம் சரியான விஷயங்கள்தான். தலையாட்டிக்கொண்டு கேட்டோம். ரயில் வீட்டு அக்கா அதற்கடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். இந்தக் கையால இனி யாரையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக மாமர வீட்டுக்காரி சொன்னாள். நான் விடவில்லை. வேறு என்ன வேலை எனக்குத் தெரியும். வேறு வீடு, வேறு பெயர். சிஸ்டரும் என்னிடம் பழையபடி பேசினார், என் பயங்களைப் பத்து இருந்தாலும் கேட்டார், ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் அந்த அறையில் இருக்க நேர்ந்தால், யாராவது ஒருத்தர் சீக்கிரம் கிளம்பிவிடுவோம்.

சில வருஷம் கழித்து அவர் ஆபீஸை இன்னொருவரிடம் விட்டுவிட்டுத் தங்கவயலுக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். இப்போது ஆபீஸ் பெரிய கட்டடத்தில், ஏ.சி. அறையில் இருக்கிறது. வாரத் தகவல் கம்ப்யூட்டரில் அடித்து வருகிறது, நாலு பக்கம். எல்லோரும் வந்து உட்கார வேண்டியதில்லை. கவுண்டரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், படித்தேன் என்று இன்னொரு கையெழுத்தும் அங்கேயே. படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கிறார்கள், படித்தேன் என்பதற்கும் சேர்த்து. முதல் தடவை அதைப் பார்த்தபோது சிஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடிதம் எழுதத் தொடங்கி, அன்புள்ள சிஸ்டர் என்பதற்கு மேல் எழுத வேண்டியது வேறொன்றாக இருந்ததால் நிறுத்திவிட்டேன். போன வருஷம் மழைக்காலத்தில் அவர் போய்விட்டார் என்று தெரிந்தது. தெரிந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

அந்த வாரமே ஸ்ரீராம்புரம் போனேன். விசாரித்து விசாரித்து, குழாயடியைத் தாண்டி மூன்றாவது சந்தில் அக்காவைக் கண்டுபிடித்தேன். பல் இரண்டு போயிருந்தது. தரையில் பலகை போட்டு ஊதுவத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் எல்லாம் கரி. என்னைப் பார்த்ததும், “அட, பஸ்ஸூ இவ்ளோ தூரம் வந்துடிச்சா” என்றாள். சிஸ்டர் போய்விட்டதைச் சொன்னேன். உருட்டுகிற கை நின்றது, திரும்ப ஓடியது. நல்ல பொம்பள என்றாள். பிறகு நான் உட்கார்ந்து, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது, நான் எதுவரை படித்தேன், எதைப் படிக்காமல் விட்டேன், அதற்கடுத்த வாரம் காய்ச்சல் என்று சொன்னபோது நான் எங்கே நின்றிருந்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அதற்குள் அவள் ஒரு கட்டு குச்சியை முடித்து அடுத்த கட்டைப் பிரித்தாள். அவள் வைவாள், தலைமுடியைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அது நடந்துவிட்டால் எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

“அன்னிக்கி உன் பக்கத்துலதான குந்திகினு இருந்தேன்” என்றாள்.

“ஆமா அக்கா.”

“நீ நின்னு படிக்க சொல்ல, நான் கீழருந்து உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். விரல வச்சித்தான படிப்ப நீ. ஒரு எடத்துல விரலு கடகடன்னு கீழ எறங்கிச்சி. பாத்தேன்.” மாவைக் கிள்ளிக் குச்சியில் வைத்தாள். “படிக்கறதுன்னா அப்பிடித்தான் போலன்னு நெனச்சிகினேன்.”

போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உருட்டி முடித்த குச்சிகளை வெயிலில் பரப்ப எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.